ஓடு உடைப்பது மட்டும்தான் குங்ஃபூவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் மாவட்டப் பக்கங்களில் குங்ஃபூ என்றாலே மூன்று படம்தான் மாறி மாறி வருகிறது. ஒரு பையன் கையால் ஓடு உடைப்பான், இன்னொருவன் கை மேல் பைக் ஏறும், அதுவும் இல்லையென்றால் பிள்ளைகள் வரிசையாக நின்று உலக சாதனைக்காகக் காற்றில் குத்துவிட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் சால்வையோடு ஒரு பிரமுகர். வேலூரோ காட்பாடியோ ராணிப்பேட்டையோ, எங்கே நடந்தாலும் இதே கதைதான். மற்ற நாட்களில் இந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நான் போவது சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடி வகுப்பு. விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம், சித்திரை வைகாசியில் அதற்கு மேல் அந்த மாடியில் கால் வைக்க முடியாது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், பெண்கள்தான் அதிகம். கற்றுக்கொள்வது சீகுங் என்னும் சீன மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் தாய் சி, அதாவது மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலை. முதல் பாடம் நிற்பது. முழங்காலைச் சற்றே தளர்த்தி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தது போல இரண்டு கையையும் மார்புக்கு நேரே வளைத்து, தோளை இறக்கிவிட்டு அப்படியே நிற்க வேண்டும். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "நிக்கறதுக்கு நான் காசு வேற குடுக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் தொடை வெடவெடவென்று ஆடத் தொடங்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலையில் நாம் முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, பாரம் முழுவதையும் மூட்டில் இறக்கிவிடுகிறோம். இங்கே அந்தப் பாரத்தைத் தொடை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சீகுங்கில் பாதுவான்ஜின் என்று எட்டு அசைவு உண்டு. விரல்களைக் கோத்து உள்ளங்கை வானத்தைப் பார்க்க மேலே தள்ளுவது முதலாவது, வில்லை இழுப்பது போல இடமும் வலமும் கை விரிப்பது இரண்டாவது. கடைசி அசைவில் குதிகாலைத் தூக்கித் தொப்பென்று விட வேண்டும், ஏழு தடவை. (கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் மேலேறி வந்து, என்னத்தை இடிக்கிறீர்கள் என்று சண்டை போட்டார். இப்போது அவர் மனைவியும் எங்களோடு சேர்ந்து இடிக்கிறார்.)

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் (நடுக்குவாத) நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை என்று 24 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், 2012இல் முடிவு வெளியானது. தாய் சி செய்தவர்களுக்கு உடல் தடுமாற்றம் குறைந்தது, வெறும் ஸ்ட்ரெட்சிங் செய்தவர்களை விட விழுவதும் குறைந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் பெரியவர் இல்லாத தெரு நம் ஊரில் இருக்கிறதா? நிலை தடுமாறாமல் நடப்பது சின்ன விஷயம் இல்லை.

பிள்ளைகள் வகுப்புக்கு வருவோம். கோடை விடுமுறையில் சேர்த்துவிட்டால் பள்ளி திறப்பதற்குள் ஒரு கலர் பெல்ட் வந்துவிடுகிறது, ஒவ்வொரு கலருக்கும் தனியாகத் தேர்வுக் கட்டணம். பெல்ட் முறையே ஜப்பானில் ஜூடோவிலிருந்து வந்தது, பழைய சீனக் கலைகளில் அது கிடையாது. பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகம் என்றால் சரி, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் குதிரை மேல் உட்கார்ந்தது போல முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலையில் ஒரு நிமிடம் நிற்க முடியாத பிள்ளையை மேடையேற்றி, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் விரல் எலும்பால் ஓடு உடைக்க வைப்பது எந்த ஊர்ப் பாரம்பரியம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, குங்ஃபூவைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் பௌத்தத் துறவி போதிதர்மர். பக்கத்திலேயே காஞ்சிபுரம் இருப்பதால் நம் பக்கத்து பேனர் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்மையிலேயே உண்டு, பாரசீகத்துக்காரர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. அவர்தான் சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் யிஜின்ஜிங் நூலோ 1624இல் எழுதப்பட்டது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தி. ரகசியக் கலை என்ற பேச்சும் அப்படித்தான். பலரும் கற்றுத்தரும் 24 அசைவுத் தாய் சி, 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய் சியின் யாங் குடும்ப மரபிலிருந்து சுருக்கி எடுத்தது. எங்கள் மாஸ்டர் இதை முதல் நாளே சொல்லிவிட்டார், யாரிடம் எத்தனை வருடம் கற்றார் என்பதையும் சொன்னார். அதைக் கேட்டு யாரும் வகுப்பை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் கூடப் பெரிதுபடுத்த வேண்டாம். எனக்குப் பயமாக இருப்பது நோட்டீஸ்கள்தான். "சீகுங் மூச்சுப் பயிற்சியால் சுகர், பிரஷர் அடியோடு குணம், மாத்திரை தேவையில்லை." இதை நம்பி எங்கள் தெருவில் ஓர் அம்மா சுகர் மாத்திரையை நிறுத்தினார், கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூச்சை மெதுவாக இழுத்துவிட்டால் உடம்பு லேசாகிறது, தூக்கம் நன்றாக வருகிறது, இதை நானே அனுபவிக்கிறேன். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்ல ஒரு மாஸ்டருக்கு என்ன உரிமை? மருந்து விற்பவர் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. பயிற்சி விற்பவர் எழுதினால் ஏனென்று கேட்க ஆள் இல்லை.

அந்த நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது உங்கள் நாளிதழுக்குள் மடித்து வைத்துத்தான். முகவர் வைப்பது, ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸை மட்டுமாவது உள்ளே வைக்கக் கூடாது என்று வேலூர் முகவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்