மீன் இறங்குதளங்களில் ஏ.இ.டி. கருவி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பன், மண்டபம், தொண்டி கரைகளில் யாராவது திடீரெனச் சரிந்து கை கால் வெட்டினால், வலிப்பு என்று நினைத்து உடனே இரும்புச் சாவியைத் தேடுகிறார்கள். இதயத்துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் நின்றாலும் சில நொடி அப்படித்தான் வெட்டும். விட்டு விட்டு வாய் பிளந்து இழுப்பது மூச்சே அல்ல. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வலைக் குவியல் மேல் கிடத்தி அழுத்தினால் வலைதான் அமுங்கும்; பலகையில் கிடத்துங்கள்.

சீரான துடிப்பைத் திருப்புவது மின் அதிர்ச்சி. துடிப்பை ஆராய்ந்து, தேவைப்பட்டால் அந்த அதிர்ச்சியைக் கொடுக்கும் கருவிதான் ஏ.இ.டி. நெஞ்சழுத்தமும் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ராமநாதபுரத்திலிருந்து வண்டி வரும்வரை காத்திருக்க முடியுமா? ஏ.இ.டி. பெட்டியில் துண்டும் சவரக்கத்தியும் வையுங்கள். ஈர நெஞ்சிலும் முடி அடர்ந்த நெஞ்சிலும் கருவியின் ஒட்டுப்பட்டை பிடிக்காது. பெட்டி வெயிலில் காயக்கூடாது. பேட்டரி விளக்கையும் பட்டையின் காலாவதித் தேதியையும் மாதம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும்.

கடலில் பாசி எடுக்கும் பெண்கள் நீந்தும்போது மயங்கினால் பசி மயக்கம் என்று விடாதீர்கள். சிலருக்குப் பரம்பரையாக வரும் நீள் கியூ.டி. என்ற இதய மின்னோட்டக் கோளாறு நீந்தும்போதுதான் வெளிப்படும். அவர்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஈ.சி.ஜி. அவசியம்.

இதய மருத்துவப் பணியாளர்கள் சிலர்,
ராமநாதபுரம்