வீடு தேடி வருகிறவர்கள் ஒரே நோட்டில் எழுதட்டும்: மாவட்டச் சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 79 வயது. சர்க்கரை, பிரஷர், முழங்கால் தேய்மானம், இப்போது காலில் ஒரு ஆறாத புண்ணும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருக்கிறது, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. திட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்தபோது, தேர்தல் முடிந்த சூட்டில் நாலு மாதம் ஓடும், அவ்வளவுதான் என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள். ஓடியது, 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. சந்தோஷம். ஆனால் போன வாரம் நடந்ததை உங்கள் காதில் போட்டே ஆக வேண்டும்.

கால் வீங்கியதால் அத்தையை அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீக்கத்துக்குப் பிரஷர் மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று அம்லோடிபினை நிறுத்திவிட்டு டெல்மிசார்டான் எழுதிக் கொடுத்து அனுப்பினார் டாக்டர். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். அது டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் இருக்கிறது, சீட்டு எங்கள் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் பட்டியலிலோ இன்னும் அம்லோடிபின்தான். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வழக்கம்போல வந்து, பட்டியலில் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிறத்தையும் அளவையும் வைத்துத்தான் மாத்திரைக்கு அடையாளம். வெற்றிலை பாக்கு வைக்கும் சுருக்குப் பையில்தான் எல்லா மாத்திரை அட்டையும் இருக்கும், பாதி அட்டைகளில் பெயர் இருந்த பக்கம் எப்போதோ கிழிந்துபோயிருக்கும். புதுசும் வெள்ளை, பழசும் வெள்ளை. கவர்மெண்டே வீடு தேடி வந்து கொடுத்ததை வேண்டாம் என்று ஒதுக்கிவைக்கிற தலைமுறை இல்லை அவர். இரண்டையும் போட்டிருக்கிறார். விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்தவர் தலை சுற்றி நிலைப்படியில் சரிந்துவிட்டார். 108இல் வந்தவர்கள் பார்த்தபோது பிரஷர் ரொம்பவே இறங்கியிருந்தது. மணிக்கட்டில் விரிசலோடு போயிற்று. இடுப்பெலும்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் யார் மேல் கோபப்படுவது? தன்னார்வலர் ஊக்கத்தொகைக்கு வெயிலில் அலைகிறவர், அவரைக் கூப்பிட்டு விசாரணை கிசாரணை என்று வைத்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள், எரிச்சலே அதில்தான். பிசியோதெரபி தம்பி வந்து நன்றாக நடங்கள் பாட்டி என்கிறார். புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா காலை ஊன்றவே கூடாது என்கிறார். ஒவ்வொருவரும் தன் பதிவேட்டிலோ போனிலோ எழுதிக்கொண்டு போகிறார்களே தவிர எங்கள் வீட்டில் ஒரு வரி எழுதி வைப்பதில்லை. முந்தி வந்தவர் என்ன சொன்னார் என்று அடுத்து வருகிறவருக்கு அத்தைதான் சொல்ல வேண்டும். அவருக்குக் காதும் மந்தம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் ஒரே நோட்டு, வருகிற எல்லோரும் அதில் எழுத வேண்டும், பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் கூப்பிட ஒரே ஆள், ஒரே போன் நம்பர்.

இது உங்கள் துறைக்குத் தெரியாத வித்தை இல்லை. கர்ப்பிணி என்றால் தாய் சேய் நல அட்டை கையில் இருக்கிறது, கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி எண் இருக்கிறது, எடை, ரத்தம், தடுப்பூசி எல்லாம் அட்டையில் ஏறுகிறது, தேதி தவறினால் கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து நிற்கிறார். அப்படியானால் அப்பத்தாவும் கர்ப்பமானால்தான் அட்டை கிடைக்குமா என்று என் மகள் கேட்கிறாள். பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு 2024இல் கொண்டுவந்தது. விழுந்த பிறகு எலும்பை ஒட்டவைக்க லட்சக்கணக்கில் பணம் உண்டு, விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டுக்கு வழியில்லை. கடைசியில் இத்தனை பேரையும் ஒருங்கிணைப்பது யார் என்று பார்த்தால் நான்தான். சம்பளமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மருந்துக் கடைத் தம்பியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். என் வீட்டிலாவது நான் இருக்கிறேன். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, முதியோர் உதவித்தொகையில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற கிழவிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சுருக்குப் பையில் என்னென்ன இருக்கிறதோ.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கட்டளையாக இல்லை, வேண்டுகோளாகவே கேட்கிறேன். படுத்த படுக்கையாகவும் தள்ளாமையிலும் இருப்பவர்களின் வீடுகளிலாவது இந்த ஒரே நோட்டு, ஒரே ஆள் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றினால் அந்தத் தகவல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தன்னார்வலரின் பட்டியல் திருத்தப்பட வேண்டும். நிறுத்திய மாத்திரையின் பெயரைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று தாமதமாகும் என்றால் நோட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், அதில் எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
சம்பளமில்லாத ஒருங்கிணைப்பாளர்களில் ஒருத்தி