வின்ச் இழுக்கும்போது கிட்ட நிக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சேத்துல சிக்குன வண்டிய வின்ச் (கேபிள உருளையில சுத்தி இழுக்கற மெஷின்) போட்டு இழுக்கறப்ப சுத்தி ஒரு கூட்டமே நின்னு வேடிக்கை பாக்குது, முதல்ல அதத்தான் நிறுத்தணும். விறைச்சு நிக்கற ஸ்டீல் கேபிள் அறுந்துச்சுன்னா சாட்டை மாதிரி திரும்பி வந்து அடிக்கும், உயிரே போயிடும். கேபிள் நீளத்துக்கு ஒன்றரை மடங்காவது தள்ளி நில்லுங்க, கேபிள் நடுவுல கனமான போர்வைய போட்டா அறுந்தாலும் வீச்சு குறையும். அப்புறம் பிடிமானத்துக்கு மரத்த சுத்தி கேபிள கொண்டுவந்து அதே கேபிள்லயே கொக்கிய மாட்டறாங்க பாருங்க, ரொம்ப தப்புங்க, கம்பி இழை நசுங்கி அந்த எடத்துலதான் அறும், மரத்துக்கும் காயம், மரத்துக்கு அகலமான பெல்ட்டும், அதுல கொக்கிய மாட்ட ஷேக்கிளும் (U வடிவ இரும்பு வளையம்) போடுங்க. வின்ச்சோட டிரம்ல, அதாவது அந்த உருளையில, கேபிள் 5 சுத்தாவது மிச்சம் இருக்கணும். கேபிள் ஓடும்போது கிளவுஸ் போட்டிருந்தாலும் கை வைக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்