மொட்டை மாடியில் நான் சொன்னது நினைவிருக்கிறதா?

அன்புள்ள வசந்தி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ இரண்டு தடவை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. மெசேஜுக்கும் ஒரு கும்பிடு போட்டதோடு சரி. திட்டுவதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள், இப்போது இதை முழுசாகப் படி. இங்கே எல்லோரும் நலம். கோமதி பாட்டியாகிவிட்டாளாமே, வார்டன் மேடத்துக்கு யாராவது சொன்னீர்களா? மாமியாரின் முட்டி தேவலாம்.

பிப்ரவரியில் ரவிக்கு நிமோனியா என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். அவர் நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்ததைச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் போனையே எடுக்கவில்லை, டி. அட்மிஷன் மேசையில் ஒரு பெண் "அட்வான்ஸ் டைரக்டிவ் இருக்கிறதா?" என்று கேட்டாள், மாத்திரை ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்ட அதே குரலில். நம்மால் பேச முடியாமல் போனால் என்ன வைத்தியம் வேண்டும், யார் முடிவு செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள் அது. இல்லை என்றேன், டிக் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியூ டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "இது இப்படியே நீண்டால் அவர் என்ன விரும்புவார்? எப்போதாவது பேசியிருக்கிறாரா?" என்றார். 29 வருஷக் குடித்தனம். காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் கூடினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும், இதற்குப் பதில் தெரியவில்லை. போனில் நாத்தனார் ஒன்று சொல்கிறாள், கொழுந்தனார் வேறொன்று சொல்கிறார், மாமியார் "என் பிள்ளையை என்னடி செய்யப் போகிறீர்கள்" என்று அழுகிறார். மறுநாள் காய்ச்சல் இறங்கிக் குழாயை எடுத்தார்கள். நல்லவேளை, நான் எதையும் முடிவு செய்ய வேண்டி வரவில்லை.

அந்த நாற்காலி மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

இந்தச் செப்டம்பரில் கார்த்தியின் கவுண்டி காலேஜில் ஹானர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு லெக்சர் தொடர் ஆரம்பித்தார்கள். செவ்வாய் சாயங்காலம், உடல்நலமும் சிகிச்சையில் நமக்கு இருக்கும் தேர்வுகளும் என்பது விஷயம், வெளியாட்களும் வரலாம். அவனைக் கொண்டுவிடப் போனவள் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன், அதற்கப்புறம் ஒரு வாரம்கூட விடவில்லை. நீ டீச்சர், இது உனக்குப் பிடிக்கும்: இந்த அமெரிக்காவின் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸின் தொடக்கங்களில் ஒன்று 1929-ல் டல்லஸில் பள்ளி ஆசிரியர்களுக்காக வந்ததாம். பேய்லர் ஆஸ்பத்திரிக்கு மாதம் 50 சென்ட் கட்டினால் வருஷத்துக்கு 21 நாள் வைத்தியம். இன்னொரு வாரம் வெர்மான்ட் மாநிலத்துக் கதை. ஜான் வென்பெர்க் என்ற டாக்டர் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 1973-ல் எழுதினார். ஓர் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு டான்சிலை எடுத்திருக்கிறார்கள், பக்கத்து ஊரில் கொஞ்சம் பேருக்குத்தான். பிள்ளைகளின் தொண்டையில் வித்தியாசமில்லை, டாக்டர்களின் பழக்கத்தில்தான். நாம் யோசித்துத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைப்பதில் பாதி, நாம் குடியிருக்கும் தெருவே தேர்ந்தெடுத்தது.

நான்காவது வாரம் நான்ஸி க்ரூஸன். மிஸௌரிக்காரி, 25 வயது. 1983 ஜனவரியில் கார் விபத்து, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நினைவு திரும்பவே இல்லை. மூச்சு தானாக வந்தது, சாப்பாடு மட்டும் குழாய் வழியாக. வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, குழாயை எடுத்துவிடுங்கள் என்று பெற்றவர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1990 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு: அவளே அப்படி விரும்பினாள் என்பதற்குத் தெளிவான சாட்சியம் வேண்டும் என்று மாநிலம் கேட்பது சரிதான். பெற்ற தாய் சொன்னால் போதாது! அப்புறம் அவளோடு வேலை பார்த்த சிலர் வந்து, எங்களிடம் இப்படிப் பேசியிருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் குழாயை எடுக்க அனுமதி கிடைத்தது. டிசம்பர் 26 அன்று போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷமே இங்கத்திய நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸிடம் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகள் அட்மிஷனிலேயே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அதில் வந்ததுதான். நான் யோசிக்காமல் "இல்லை" என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது, வசந்தி.

லெக்சர் முடிந்ததும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். நம்மால் பேச முடியாமல் போனால் நமக்காக யார் பேசுவது என்று எழுதும் தாள். திரும்பிப் பார்க்கிறேன், கார்த்தி பென்சிலால் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான். "எனக்குப் பதினெட்டு தாண்டியாச்சும்மா, இனிமே இது இருந்தாத்தான் உனக்கு நல்லது" என்றான். பார்க்கிங்கில் காரை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டில் ரவியிடம் பேச்செடுத்தால் "விளக்கு வைக்கிற நேரத்தில் நல்ல வார்த்தை பேசு" என்கிறார். காலையில் கேட்டால் ஆபீஸ் கிளம்பும் அவசரம். இந்த ஆளை என்ன செய்வது? செத்துப் பிழைத்து வந்த மனுஷன்! அவர் மசியும் வரை விடப்போவதில்லை. ஆனால் என் தாளை எழுதிவிட்டேன். முதல் பெயர் ரவி. அவரால் முடியாமல் போனால் அடுத்த பெயர் உன்னுடையது. கார்த்திக்குப் பத்தொன்பது வயசு, அவன் தலையில் இதை ஏற்ற எனக்கு மனசில்லை.

ஏன் நீ என்று உனக்கே தெரியும். அம்மாச்சி மூக்குக் குழாயோடு எட்டு மாதம் கிடந்தாளே, அவளைப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிய ராத்திரி மொட்டை மாடியில் உன்னிடம் ஒன்று சொன்னேன். கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று. அந்தத் துணி என் பழைய தாவணி. அன்று நான் சொன்னதைக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

ஓஹையோவில் இருந்துகொண்டே நீ இதற்குச் சம்மதிக்கலாம். சாட்சிக் கையெழுத்து மட்டும் நீ போட முடியாது, அதற்குப் பக்கத்து வீட்டுத் தம்பதி வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. அந்த ராத்திரி நான் சொன்னதாக உனக்கு நினைவிருப்பதை முதலில் நீ சொல், நான் நடுவில் பேச மாட்டேன். எனக்கு நினைவிருப்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டும் ஒத்துப்போகிறதா பார்ப்போம். அதற்கப்புறம்தான் உன் பெயரைப் பேனாவால் எழுதப் போகிறேன்.

உன்,
மீனா