எட்டு மாசக் கொழந்த தங்காதுன்னு போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பாட்டி வைத்தியம் பகுதியில "ஏழு மாசக் கொழந்த பொழைச்சுக்கும், எட்டு மாசக் கொழந்த தங்காது"ன்னு போட்டிருந்தீங்க, படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. இந்தப் பேச்ச நம்பித்தான் போன வருஷம் எங்க வீட்டுல ஒரு ராத்திரியே வீணாப்போச்சு.

நாங்க குடியாத்தம். பொண்ணுக்கு 31 வாரத்துலயே இடுப்பு வலி, சூட்டு வலியா இருக்கும்னு நான் சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்தேன், பக்கத்து வீட்டு அக்கா வேற ஏழாம் மாசம்தானே வந்தாலும் பொழைச்சுக்கும்னாங்க. விடிகாலைல ஒரு நர்சிங் ஹோமுக்குப் போன கொஞ்ச நேரத்துல கொழந்த வந்துடுச்சு, 1240 கிராம். 34 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம் ஆயிடும்போல இருந்தா தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, கொழந்தையோட நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுமாம், ஆனா ஊசி வேலை செய்யவும் சில மணி நேரம் வேணுமே. அந்த நேரத்தத்தான் நான் சீரகத் தண்ணில கரைச்சுட்டேன்.

அங்கருந்து வேலூருக்கு அனுப்பறப்ப ஈரத் துண்டோடயே சுத்திக் குடுத்தாங்க சார், தலைக்கு ஒரு குல்லா கூட இல்ல. பெரிய ஆஸ்பத்திரில டாக்டரம்மா உள்ளங்கால தொட்டுப் பாத்துட்டு, 1500 கிராமுக்குக் கம்மியா பொறந்ததுங்களுக்கு மூச்சுத்திணறல், கிருமியோட குளிரும் எமன்தான், வலி வந்தவொடனே வயித்துலயே வெச்சுக் கூட்டியாந்திருக்கலாமேன்னாங்க. ஒவ்வொரு வாரம் உள்ள இருந்தாலும் பொழைக்கிற வாய்ப்பு கூடுமாம், அப்ப எட்டு ஏழ விட மேல்தானே?

பொண்ணுக்கு ஜுரம் வந்த நாள்ல நானே முன்னாடி பட்டன் வெச்ச நைட்டி போட்டுக்கினு கொழந்தைய வெறும் நெஞ்சுல கட்டிக்கினு ஒக்காந்தேன். தொடை என் விரல் தடிமன்தான். 1978ல கொலம்பியா நாட்டுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்ச கங்காரு முறையாம் இது, இப்ப உலக சுகாதார நிறுவனமே பொறந்தவொடனே ஆரம்பிக்கச் சொல்லுது.

வீட்டுக்கு வந்தா எங்க மாமியார் சங்கோட நிக்கிறாங்க, கழுதைப்பால் ஊத்தணுமாம்! காய்ச்சாத பால், இந்த ஒடம்பு தாங்குமா? பெரிய சண்ட. ஒரு மாசத்துக்குள்ள கண்ணு விழித்திரைய காட்டணும்னு சீட்டுல எழுதியிருந்தத நல்லவேளை மறக்கல.

அந்த ஊசியப் பத்தியும் குல்லாவப் பத்தியும் அதே பக்கத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ஆயா, குடியாத்தம்