ஆண்கள் கழிப்பறையிலும் ஒரு டயப்பர் மேசை: அமெரிக்காவில் உணவகம் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஞாயிறு மதிய பஃபேக்கு வரும் குடும்பங்களைக் கவனித்திருப்பீர்கள். குழந்தையை நெஞ்சில் கட்டி, டயப்பர் பையைத் தோளில் மாட்டி வருபவர் பல சமயம் அப்பாதான். 1965-இல் அமெரிக்கத் தந்தையர் வாரத்துக்கு 2.5 மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2016-இல் அது 8 மணி நேரம் என்கிறது அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம். 2021-இல் வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்த பெற்றோரில் 18 விழுக்காடு அப்பாக்கள். ஆம்பிளைக்கு எதற்கு இந்த வேலை என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் சுவரில் மாட்டி, வேண்டும்போது விரித்துக்கொள்ளும் டயப்பர் மாற்றும் மேசை இன்னும் பல கடைகளில் பெண்கள் பக்கத்தில் மட்டும்தான்.

“ஆண்கள் யாரும் கேட்பதே இல்லையே” என்பீர்கள். கேட்கமாட்டார்கள். கார் டிக்கியில் மாற்றிவிட்டு வருவார்கள், அல்லது அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள். 2018-இல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டாண்டே பால்மர், சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தி, மடியில் மகனைக் கிடத்தி டயப்பர் மாற்றும் படம் நாடெங்கும் பரவியது. பார்த்த தந்தையர் பலருக்கு அது அன்றாடக் காட்சி. 2015-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டப்படி செல்லுபடியானது. இரண்டு அப்பாக்கள் குழந்தையோடு வந்தால், பெண்கள் பக்கம் அனுப்ப அங்கே யாரும் இல்லை. மனைவியை இழந்தவரும் விவாகரத்தானவரும் அப்படித்தான்.

சட்டமும் நகர்ந்துவிட்டது. பொதுமக்கள் வந்துபோகும் கூட்டரசுக் கட்டடங்களுக்கு 2016-இலேயே விதி வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2019 முதல், புதிதாகக் கட்டும் அல்லது பெரிதாகப் புதுப்பிக்கும் பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கும் மேசை வேண்டும். கலிஃபோர்னியாவில் 60 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் உணவகத்தைப் புதிதாகக் கட்டினாலோ பெரிய அளவில் புதுப்பித்தாலோ இதே கதைதான். உங்கள் ஊர் விதியைப் பெர்மிட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மேசை சில நூறு டாலர்தான். தவறு நடப்பது மாட்டும் இடத்தில். வெறும் டிரைவாலில் (ஜிப்சம் பலகைச் சுவரில்) ஆங்கர் எனும் திருகுப் பிடிப்பான் போட்டு மாட்டினால், குழந்தையின் எடையை அது தாங்கிவிடும். மாற்றுபவர் கையூன்றிச் சாயும்போதுதான் பெயர்ந்து வரும். சுவருக்குள் நிற்கும் செங்குத்துச் சட்டங்களான ஸ்டட்கள் பொதுவாக 16 அங்குல இடைவெளியில் இருக்கும், மேசையின் திருகுத் துளைகள் அதோடு பொருந்தாமல் போகலாம். அதனால் ஸ்டட்களுக்குக் குறுக்கே கனமான பிளைவுட் அல்லது மரக்கட்டை கொடுத்து, அதில் திருகுங்கள். உலோக ஸ்டட் என்றால் இது கட்டாயம்.

உயரத்தைக் கண்ணளவில் வைக்காதீர்கள். விரித்த மேசையின் மேற்பரப்பு தரையிலிருந்து 28 முதல் 34 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பெற்றோருக்கு அடியில் 27 அங்குல முழங்கால் இடம் வேண்டும். இழுக்கும் கைப்பிடி 48 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மடக்கிய நிலையில் நடைபாதைக்குள் 4 அங்குலத்துக்கு மேல் துருத்தினால், அது பார்வையற்றவரின் கைத்தடிக்குத் தட்டுப்படாமல், அவர் அதில் இடித்துக்கொள்வார். இடம் இருக்கிறதே என்று மாற்றுத்திறனாளிகளுக்கான தடுப்பறைக்குள் மாட்டிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் அது விதிமீறல், மற்ற இடங்களிலும் கெட்ட யோசனை: குழந்தையோடு ஒருவர் பத்து நிமிடம் உள்ளே இருந்தால், அந்த அறை மட்டுமே பயன்படுபவர் வெளியே காத்துக் கிடக்க வேண்டும்.

கை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்தச் சத்தத்தில் தூங்கும் குழந்தையும் வீறிடும். கதவு திறக்கும் வீச்சிலும் வேண்டாம். ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்க வேண்டும் என்பதால், மூடியுள்ள குப்பைத்தொட்டியும் பை மாட்டக் கொக்கியும் மற்றக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் பழுதாவது, குழந்தையைக் கட்டும் பெல்ட்டின் பக்கிள். உதிரி ஒன்று வாங்கி வையுங்கள். துடைக்க, உற்பத்தியாளர் சொல்லும் கிருமிநாசினி போதும்; நீர் கலக்காத பிளீச் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். தயவுசெய்து அதன்மேல் டிஷ்யூ அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள் (எத்தனை கடைகளில்!).

ஒருவர் மட்டும் நுழையும் கழிப்பறை இரண்டு இருந்தால், இரண்டையும் எல்லோருக்கும் பொதுவாக்குங்கள்; மேசை எதில் இருந்தாலும் அப்பாக்களுக்கும் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் 2017 மார்ச் முதல் அதுவே சட்டம்.

பரிமாறுபவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். குழந்தையோடு தனியாக வரும் அப்பாவிடம் “அம்மா வரலையா சார்?” என்று கேட்க வேண்டாம். இரண்டு அப்பாக்கள் வந்தால் யார் நிஜ அப்பா என்றும் வேண்டாம். ஹை சேர் வேண்டுமா என்று மட்டும் கேட்டால் போதும்.

இப்போது பணம் இல்லை என்றால் மேசையைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த முறை கழிப்பறைச் சுவரைப் பிரித்து வேலை நடக்கும்போது, மூடுவதற்கு முன் அந்தப் பிளைவுட்டை மட்டும் உள்ளே வைக்கச் சொல்லிவிடுங்கள். பிறகு டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உணவகக் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் வேலை பார்க்கும் சிலர்