மருமகள் கேட்ட மோதிரம்

அன்புள்ள சித்ரா,

கதிருக்குப் பெண் அமைந்த செய்தி கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனிடம் போனிலேயே வாழ்த்துச் சொல்லிவிட்டேன். "அது என்னடி ஆர்ட் டெகோ, புது மருமகளுக்கு யாரோ போட்ட பழைய மோதிரத்தையா போடுவது, மான்செஸ்டரில் நகைக்கடையே இல்லையா" என்று கேட்டிருந்தாயே, அதற்காகத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழைய ஆர்ட் டெகோ மோதிரம்தான் வேண்டும் என்கிறாளே, இந்த விஷயத்தில் நான் உன் மருமகள் கட்சி.

1920, 30-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்த நகைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியை வைத்து வந்த பெயர், பரவலானது என்னவோ 1960-களில்தான். அதற்கு முந்தைய மோதிரங்களில் பூவும் கொடியும் ரிப்பன் முடிச்சுமாக வளைந்து வளைந்து ஓடும். முதல் உலகப் போர் முடிந்து, பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டு வேலைக்கும் நடனத்துக்கும் கிளம்பிய காலத்தில் அந்த வளைவெல்லாம் போய் எண்கோணம், முக்கோணம், கல்லுக்கு இருபுறமும் படிப்படியாக ஏறும் தோள்பட்டை என்று எல்லாம் நேர்கோடாகிவிட்டது. 1922-ல் துத்தன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்ததும் எகிப்து மோகம் வேறு சேர்ந்துகொண்டது. நம் நாட்டுச் சங்கதியும் இதில் உண்டு, 1911 டெல்லி தர்பாருக்கு வந்த, கார்த்தியே (Cartier) நகைக்கடைக் குடும்பத்து ஜாக், மகாராஜாக்களோடு பழகிவிட்டுப் போனார், அப்புறம் இலை வடிவில் செதுக்கிய மாணிக்கத்தையும் மரகதத்தையும் வைத்து அவர்கள் கடை செய்த நகைகள் இன்றும் பேசப்படுகின்றன.

இதற்கெல்லாம் கைகொடுத்தது பிளாட்டினம். தங்கம் 1064 டிகிரியில் உருகிவிடும், பிளாட்டினத்துக்கு 1768 வேண்டும், அந்தச் சூட்டைத் தரும் டார்ச் பட்டறைக்கு வந்த பிறகுதான் அதை இஷ்டப்படி வளைக்க முடிந்தது. கெட்டியான உலோகம் என்பதால் மெல்லிய கம்பியே கல்லைப் பிடித்துக்கொள்ளும், அதனால் மோதிரத்தின் பக்கவாட்டில் கூட ஜன்னல் ஜன்னலாக வேலை செய்யலாம்.

போன மாதம் இங்கே லண்டனில் நகைக்கடைத் தெருவான ஹாட்டன் கார்டனில் ஒரு கடையில் ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுவில் பழைய ஐரோப்பிய கட்டிங் வைரம், முக்கால் காரட் கூட இருக்காது. இப்போதைய வைரம் போலப் பொடிப்பொடியாக மினுங்காமல் பட்டை பட்டையாக நிதானமாக ஒளி விடுகிறது. அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் நட்டநடுவே குட்டி வட்டம் தெரிகிறது. சுற்றிலும் எண்கோணமாக நீலக்கல், ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்றே அளந்து தேய்த்தது, இரண்டு கல்லுக்கு நடுவே உலோகமே கண்ணில் படவில்லை. ஓரம் முழுக்கக் கடுகைவிடச் சின்ன மணிகளாக ஒரு கரை, பல் வைத்த குட்டிச் சக்கரத்தை அழுத்தி உருட்டி எடுப்பார்களாம். இப்போது வரும் ஒற்றைக்கல் மோதிரத்தில் எத்தனை காரட் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, இதில் கல் சின்னதாக இருந்தாலும் பார்க்கப் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது.

நீலக்கல் இலங்கையா என்று கேட்டேன், செயற்கை என்றார் கடைக்காரர். முகம் சுளிக்காதே, அந்தக் காலத்திலேயே பொடியை நெருப்பில் உருக்கிக் கல்லாக வளர்க்கும் வெர்னாய் முறையில் கல் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒரே நிறத்தில் வேண்டிய அளவில் வெட்டலாம் என்று நல்ல பட்டறைகளும் அதை வாங்கிப் பதித்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே கோடுகள் வளைந்திருக்கும், இயற்கைக் கல்லில் நேராக இருக்கும்.

பழசு என்று நீ தயங்குவது புரிகிறது. நம் ஊரில் பழைய நகை என்றால் உருக்கி, சேதாரம் போக மிச்சத்துக்குப் புதுசு செய்வது. இதை உருக்கினால் கைக்கு ஒன்றும் வராது, மதிப்பு வேலைப்பாட்டுக்குத்தான்.

கதிர் கவனிக்க வேண்டியது சிலது உண்டு. 'ஆர்ட் டெகோ ஸ்டைல்' என்று எழுதியிருந்தால் புதிதாகச் செய்தது, அது தப்பில்லை, பழசின் விலை மட்டும் கொடுக்கக் கூடாது. பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு ஹால்மார்க் வந்ததே 1975-ல்தான், அந்தக் கால மோதிரங்களில் பெரும்பாலும் உள்பக்கம் '18 காரட், பிளாட்' என்று பொறித்திருக்கும், வளையம் தங்கம், மேலே மட்டும் பிளாட்டினம். நூறு வருஷத்து மோதிரம் என்று சொல்லிவிட்டு அந்த மணிக்கரை தேயாமல் இருந்தால் சந்தேகம்தான். கல்லைப் பிடிக்கும் கவ்விகள் தேய்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும், வளையம் முழுக்கக் கல் இருந்தால் சைஸ் மாற்றுவது பெரும்பாடு.

இங்கே எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. இவர் ரிடையர் ஆனதிலிருந்து தினமும் ரசத்துக்கு மார்க் போடுகிறார், நானும் சமையலை அவரிடமே விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கதிரும் அந்தப் பெண்ணும் லண்டன் வருகிறார்கள், நானும் கடைக்குக் கூடப் போகிறேன். நீலக்கல் என்றதும் நீ ஜோசியரிடம் ஓடுவாய் என்று தெரியும். வெள்ளிக்குள் கேட்டுச் சொல், ஒத்துவராது என்றால் மரகதம் வைத்ததாகப் பார்க்கிறோம்.

அன்புடன்,
மீனா